துவர்ப்பு அடங்கும் வரை: பரோலோ ஒயினைச் சுவைக்கவும் வருடக்கணக்கில் வைத்திருக்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

கொட்டைப்பாக்கை முதல் தடவை கடித்தது நினைவிருக்கிறதா? ஈறு இறுகும், கன்னத்தின் உட்புறம் சுருங்கும், நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். 2014இல், இத்தாலியின் டூரின் நகரத்தில் என் வீட்டுச் சமையலறை மேசையில் பரோலோ என்ற சிவப்பு ஒயினின் இளம் பாட்டில் ஒன்றைத் திறந்து முதல் வாய் குடித்தபோது எனக்கு அப்படித்தான் இருந்தது. மணம் பன்னீர் ரோஜா. வாய்க்குள் போனதும் பாக்கு. 2010ஆம் ஆண்டு அறுவடையின் ஆறு பாட்டில்களை அன்று காலைதான் செர்ரலுங்கா தால்பா என்ற மலைக்கிராமத்திலிருந்து காரில் ஏற்றி வந்திருந்தேன். முதல் பாட்டிலைப் பாதிகூட முடிக்க முடியவில்லை. மீதி ஐந்தையும் எங்கே வைப்பது, எப்போது திறப்பது, எப்படித் திறப்பது என்று கற்றுக்கொள்ளப் பத்து வருடம் ஆனது. அந்தப் பத்து வருடத்தில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

இத்தாலியில் சிவப்பு ஒயின் வகைகள் ஏராளம். நான் பரோலோவையே எடுத்துக்கொள்கிறேன். காலம் ஒரு ஒயினை என்ன செய்யும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஒயின் அந்த நாட்டில் இல்லை என்பது என் கருத்து. இதைப் பழகிவிட்டால் மற்ற இத்தாலியச் சிவப்புகளுக்கும் அதே கண்ணும் மூக்கும் போதும்.

நமக்கு இதில் ஒரு வசதி உண்டு. துவர்ப்பு நம் அறுசுவையில் ஒன்று. வாழைப்பூ, நாவல் பழம், மாதுளைத் தோல், பால் விடாத டீ என்று சின்ன வயதிலிருந்தே அதை வாயில் பழகியிருக்கிறோம். துவர்ப்பு வேறு, கசப்பு வேறு என்று யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பரோலோவைப் புரிந்துகொள்ளத் தேவையான முதல் பாடமே அதுதான்.

வாங்கும் முன்: லேபிளில் என்ன இருக்கிறது

பரோலோ என்பது ஒரு ஊரின் பெயர், ஒயினின் பெயரும் அதுதான். திராட்சையின் பெயர் நெபியோலோ. வடமேற்கு இத்தாலியின் பியெமோந்தே மாநிலத்தில், ஆல்பா நகரத்துக்குத் தென்மேற்கே லாங்கே குன்றுகளில் 11 ஊர்களின் எல்லைக்குள் விளைந்த நெபியோலோவில் மட்டுமே பரோலோ செய்யலாம். வேறு திராட்சை ஒரு சொட்டுக்கூடக் கலக்கக் கூடாது. 1980இலிருந்து இதற்கு இத்தாலியின் உயர்ந்த தரச் சான்றான டி.ஓ.சி.ஜி. இருக்கிறது. பாட்டிலின் கழுத்தில் எண் அச்சிட்ட ஒரு சின்னத் தாள் பட்டை ஒட்டியிருக்கும், அதுதான் அடையாளம்.

'நெபியா' என்றால் இத்தாலிய மொழியில் மூடுபனி. அறுவடை நடக்கும் அக்டோபரில் லாங்கே பள்ளத்தாக்குகள் பனியில் மூழ்கிக் கிடக்கும், திராட்சைக்குப் பெயர் அதிலிருந்து வந்தது என்று பலர் சொல்வார்கள். இது வசந்தத்தில் சீக்கிரம் துளிர்த்து, இலையுதிர் காலத்தில் கடைசியாகப் பழுக்கிற கொடி. நீண்ட நாள் கொடியில் தொங்கிப் பழுப்பதால்தான் புளிப்பு, துவர்ப்பு, மணம் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து நிற்கின்றன.

லேபிளில் முதலில் அறுவடை ஆண்டைப் பாருங்கள். அறுவடை ஆண்டின் நவம்பர் 1ஆம் தேதியிலிருந்து குறைந்தது 38 மாதம் கழித்துத்தான் பரோலோ விற்பனைக்கு வரலாம், அதில் 18 மாதம் மரப் பீப்பாயில் கழிய வேண்டும். 2016 அறுவடை 2020 ஜனவரியில் கடைக்கு வந்தது இந்தக் கணக்கில்தான். 'ரிசர்வா' என்று போட்டிருந்தால் 62 மாதம். பக்கத்து ஊரான பார்பரெஸ்கோவிலும் இதே திராட்சைதான், ஆனால் 26 மாதம் போதும், பீப்பாயில் 9 மாதம். பார்பரெஸ்கோ கொஞ்சம் சீக்கிரம் இளகும்.

எல்லா ஆண்டும் ஒன்றல்ல. 2010, 2013, 2016 ஆகியவை நிதானமாகப் பழுத்து, நீண்ட காலம் தாங்கக்கூடிய ஒயின்களைத் தந்த ஆண்டுகள். 2011, 2015, 2017 வெயில் அதிகம், பழச்சுவை முன்னே வரும், சீக்கிரம் குடிக்கலாம். 2014 மழையோடு போராடிய ஆண்டு. அதிலும் நல்ல பாட்டில்கள் உண்டு, தோட்டக்காரரைத் தெரிந்து வாங்க வேண்டும்.

அடுத்தது ஊர். லா மோரா, பரோலோ ஊர்ப் பக்கத்து மண் பொதுவாக மணம் மிகுந்த, சற்று மென்மையான ஒயினைத் தரும். செர்ரலுங்கா தால்பா, மோன்ஃபோர்தே பக்கத்து மண் இன்னும் பழையது, ஒயின் இறுக்கமாக இருக்கும், வருடம் அதிகம் கேட்கும். 2010 அறுவடையிலிருந்து லேபிளில் அதிகாரபூர்வத் தோட்டப் பெயர்களும் வருகின்றன. கன்னூபி, புருனாத்தே, ரோக்கே, வின்யாரியோந்தா போன்ற பெயர்களைக் காண்பீர்கள். தொடக்கத்தில் இவற்றை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஊரை மட்டும் குறித்துக்கொண்டால் போதும்.

இன்னொன்று, பீப்பாய். பரம்பரையாகச் செய்பவர்கள் சில ஆயிரம் லிட்டர் பிடிக்கும் பெரிய பழைய பீப்பாய்களில் வைப்பார்கள். அதில் மரத்தின் வாசம் ஒயினில் ஏறாது. 1980களில் இளைய தலைமுறை 225 லிட்டர் கொண்ட புதிய பிரெஞ்சு பீப்பாய்களுக்கு மாறியது. எலியோ அல்தாரே என்பவர் தன் அப்பாவின் பழைய பீப்பாய்களை ரம்பத்தால் அறுத்தே போட்டார். மறுபக்கம் பார்தோலோ மஸ்கரெல்லோ தன் கையால் வரைந்த லேபிளில் 'சின்னப் பீப்பாய் வேண்டாம், பெர்லுஸ்கோனியும் வேண்டாம்' என்று, இத்தாலியப் பிரதமராக இருந்தவரையும் சேர்த்துச் சாடி எழுதி விற்றார். அந்தச் சண்டை இப்போது பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. நான் பழைய பக்கம். நெபியோலோவின் ரோஜா மணத்தின் மேல் புதிய பீப்பாயின் வனிலா மணம் வந்து உட்காருவது எனக்குப் பொறுக்காது.

காசு விஷயத்தில் ஒரு யோசனை. முதல் பாட்டிலே பரோலோவாக இருக்க வேண்டாம். 'லாங்கே நெபியோலோ' என்று லேபிள் போட்ட பாட்டிலை வாங்குங்கள். அதே திராட்சை, பல சமயம் அதே தோட்டக்காரரின் இளம் கொடிகள், விலை மிகவும் குறைவு. இரண்டு மூன்று தடவை அதைக் குடித்துப் பழகிவிட்டு பரோலோவுக்கு வாருங்கள். பார்பரெஸ்கோவில், 1958இல் ஊர்ப் பாதிரியார் ஒருவர் விவசாயிகளைச் சேர்த்துத் தொடங்கிய 'ப்ரொதுத்தோரி தெல் பார்பரெஸ்கோ' என்ற கூட்டுறவுச் சங்கத்தின் ஒயின், நியாயமான விலையில் நெபியோலோவைக் கற்றுக்கொள்ள மிக நல்ல வழி.

வாயைப் பழக்குவது: டீ வைத்து ஒரு பயிற்சி

இதற்கு ஒயினே வேண்டாம். மூன்று கிளாஸில் சமமாக டீத்தூள் போட்டுக் கொதிநீர் ஊற்றுங்கள். ஒன்றை 2 நிமிடத்தில் வடிகட்டுங்கள், இன்னொன்றை 5 நிமிடத்தில், மூன்றாவதை 10 நிமிடத்தில். சர்க்கரை, பால் எதுவும் வேண்டாம். ஆறியதும் வரிசையாக ஒவ்வொரு வாய் குடித்து, நாக்கால் மேல் ஈற்றைத் தடவிப் பாருங்கள். மூன்றாவது கிளாஸில் ஈறு சொரசொரவென்று இருக்கும். அது டானின். நம் எச்சிலில் இருக்கும் புரதத்தைப் பிடித்து இறுக்கிவிடுகிறது, வழவழப்பு போய்விடுகிறது.

இப்போது அந்த மூன்றாவது கிளாஸில் கொஞ்சம் பால் விடுங்கள். துவர்ப்பு சட்டென்று குறையும். டானினுக்கு இப்போது பாலின் புரதம் கிடைத்துவிட்டது, எச்சிலை விட்டுவிடுகிறது. பரோலோவுடன் பாலாடைக் கட்டியும் இறைச்சியும் ஏன் வைக்கிறார்கள் என்பது இந்த ஒரு கிளாஸில் விளங்கிவிடும்.

சுவைப்பது

முதலில் சூடு. 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். 'அறை வெப்பத்தில் குடிக்கலாம்' என்று எழுதியிருப்பார்கள், அது குளிர்ந்த கல்வீடுகளில் வாழ்ந்தவர்களின் அறை. சென்னையிலோ சிங்கப்பூரிலோ கொழும்பிலோ 30 டிகிரியில் ஊற்றினால் சாராய நெடிதான் மூக்கில் ஏறும். குடிப்பதற்கு முன் அரைமணி நேரமாவது பிரிட்ஜில் வையுங்கள். கொஞ்சம் அதிகமாகக் குளிர்ந்தாலும் பரவாயில்லை, கிளாஸில் தானே சூடேறிவிடும்.

கிளாஸ் பெரியதாக, வயிறு அகன்று வாய் குறுகியதாக இருக்கட்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். மணம் நிற்க மேலே இடம் வேண்டும்.

வெள்ளைத் தாள் ஒன்றை மேசையில் வைத்து, கிளாஸை அதன் மேல் சாய்த்துப் பாருங்கள். எழுத்து அச்சிட்ட தாளாக இருந்தால் இன்னும் நல்லது. நெபியோலோ வழியாக எழுத்தைப் படித்துவிடலாம், அவ்வளவு வெளிர். வெளிராக இருக்கிறதே, நீர்த்த ஒயினோ என்று நினைத்துவிடாதீர்கள். இந்தத் திராட்சையின் நிறமே அப்படித்தான், நிறத்துக்கும் வலுவுக்கும் இங்கே தொடர்பில்லை. நடுவில் மாணிக்கச் சிவப்பு, ஓரத்தில் மெல்லிய செங்கல் நிறம். வயது ஏற ஏற அந்தச் செங்கல் நிறம் ஓரத்திலிருந்து உள்ளே நகரும். ஐந்தாறு வயதிலேயே ஓரம் ஆரஞ்சாக இருந்தால் பயப்பட வேண்டாம், நெபியோலோவுக்கு அது இயல்பு. நடுப்பகுதியும் பழுப்பேறி மங்கிவிட்டால்தான் கவலை.

மணத்தை இரண்டு தடவை எடுங்கள். கிளாஸைச் சுழற்றாமல் ஒரு தடவை, மெதுவாகச் சுழற்றி ஒரு தடவை. இளம் பரோலோவில் ரோஜா, வயலெட் பூ, புளிப்பான செர்ரி, அதிமதுரம் வரும். அடியில் புதிதாகப் போட்ட சாலையின் தார் வாசம் மெல்லியதாக இருக்கும். 'தாரும் ரோஜாவும்' என்பது பரோலோவைப் பற்றி ஊரறிந்த விவரிப்பு, முகர்ந்து பார்த்தால் உண்மை என்று தெரியும். பத்து வயதுக்கு மேல் ரோஜா காய்ந்த இதழாக மாறும். ஆரஞ்சுத் தோல், புகையிலை, பதனிட்ட தோல், ஈர இலை, காளான், சில பாட்டில்களில் கற்பூரம். இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு தேடாதீர்கள். உங்களுக்கு நாட்டு மருந்துக் கடை வாசம் வந்தால் அதையே எழுதுங்கள். எனக்குப் பல பாட்டில்களில் அதுதான் வருகிறது. அதிமதுரமும் காய்ந்த வேரும் பூவும் கலந்த கடை அது, அந்த ஒற்றுமையில் தவறொன்றும் இல்லை.

அப்புறம் வாய். ஒரு தேக்கரண்டி அளவு போதும். விழுங்காமல் பத்து வினாடி வாய் முழுக்கச் சுற்றவிடுங்கள், இடையில் உதட்டைக் குவித்துக் கொஞ்சம் காற்றை உள்ளே இழுங்கள். நிறையக் கிளாஸ்களைச் சுவைப்பதாக இருந்தால் துப்பிவிடுங்கள். லாங்கேயில் எந்த ஒயின்கூடத்துக்குப் போனாலும் துப்புவதற்கென்று பாத்திரம் இருக்கும், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கவனிக்க வேண்டியது மூன்று. நாக்கின் இரு ஓரத்திலும் அடியிலும் எச்சில் ஊறினால் அது புளிப்பு. மேல் உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவே, ஈற்றில் இறுகினால் துவர்ப்பு. தொண்டையில் சூடு இறங்கினால் ஆல்கஹால், பரோலோவில் பெரும்பாலும் 14 சதவீதத்தை ஒட்டி இருக்கும்.

துவர்ப்பின் அளவை விட அதன் தன்மை முக்கியம். கோகோ பொடியைப் போல நைசாக, வாய் முழுக்கப் பரவி இறுக்கினால் அது பழுத்த டானின். பச்சைக் காம்பைக் கடித்ததுபோல ஓரிடத்தில் நின்று கசந்தால் பழுக்காத டானின். முதல் வகை காலத்தில் இளகும். இரண்டாவது வகை எத்தனை வருடம் வைத்தாலும் அப்படியே இருக்கும்.

வைப்பதா, குடிப்பதா

இங்கேதான் பெரும்பாலானவர்கள் தடுமாறுகிறார்கள். துவர்ப்பு அதிகம், அதனால் நன்றாக முதிரும் என்று நினைக்கிறோம். துவர்ப்பு மட்டும் போதாது.

விழுங்கிய பிறகு கண்ணை மூடிக்கொண்டு எண்ணுங்கள். முதலில் ஈறு இறுகும். அந்த இறுக்கத்துக்குப் பிறகும் செர்ரியோ ரோஜாவோ திரும்ப வருகிறதா? பத்து எண்ணும் வரை நிற்கிறதா? அப்படியானால் உள்ளே பழம் இருக்கிறது, துவர்ப்பு கரையும் வரை அது காத்திருக்கும். வெறும் இறுக்கம் மட்டும் மிஞ்சி, வாய் காய்ந்து முடிந்துவிட்டால், பத்து வருடத்துக்குப் பிறகு பழமும் இல்லாத துவர்ப்பும் போகாத ஒரு பாட்டில்தான் கிடைக்கும். அதை இப்போதே நல்ல கறியோடு குடித்துவிடுங்கள்.

இன்னொரு சோதனை இரண்டாம் நாள். பாதி பாட்டிலைத் தக்கை போட்டு மூடி பிரிட்ஜில் வைத்து, மறுநாளும் அதற்கு மறுநாளும் சுவையுங்கள். நாளுக்கு நாள் மணம் கூடினால் நீண்ட ஆயுள் இருக்கும் என்று நம்பலாம். காற்று ஒரே நாளில் செய்வதும் தக்கைக்குப் பின்னால் பத்து வருடத்தில் நடப்பதும் ஒன்றல்ல, ஆனாலும் ஒயினுக்கு எவ்வளவு தெம்பு இருக்கிறது என்று இதில் தெரிந்துவிடும். என் முதல் பாட்டிலின் மீதியை மூன்றாம் நாள் குடித்தபோதுதான் மற்ற ஐந்தையும் தொடக் கூடாது என்று முடிவு செய்தேன். அன்று அது முதல் நாளைவிட இரண்டு மடங்கு நன்றாக இருந்தது.

பாட்டிலுக்குள் நடப்பது இதுதான்: டானினும் நிறப்பொருளும் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய மூலக்கூறுகளாகின்றன. சேர்ந்ததில் ஒரு பகுதி கனம் தாங்காமல் வண்டலாக அடியில் தங்கும். நிறம் வெளிறும், துவர்ப்பு மென்மையாகும். புளிப்பு மட்டும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். அதனால்தான் புளிப்பு குறைந்த ஒயின் வயதான பிறகு தொய்ந்துபோகிறது.

எங்கே வைப்பது

12 முதல் 14 டிகிரி, இருட்டு, ஆட்டம் அசைவு இல்லாத இடம், 70 சதவீதத்தை ஒட்டிய ஈரப்பதம். பாட்டில் படுத்திருக்க வேண்டும். தக்கை நனைந்திருந்தால்தான் உப்பிக் காற்றைத் தடுக்கும்.

டூரினின் பழைய அடுக்குமாடிக் கட்டடங்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் நிலவறையில் ஒரு சின்ன அறை உண்டு, 'கந்தீனா' என்பார்கள். மண் தரை, செங்கல் வளைவு, ஒரு மங்கிய பல்பு. என் அறையில் வெப்பமானி மாட்டி ஒரு வருடம் குறித்து வைத்தேன். ஜனவரியில் 11 டிகிரி, ஆகஸ்டில் 18. இந்த ஏற்ற இறக்கம் பருவத்தோடு மெதுவாக நடப்பதால் ஒயினுக்குத் தொந்தரவில்லை. ஒரே நாளில் பகல் 30, இரவு 20 என்று ஏறி இறங்குவதுதான் கெடுதல். ஒயின் விரிந்து சுருங்கித் தக்கையை அசைத்துவிடும், காற்று உள்ளே போகும்.

முதல் கோடையில் ஒரு பாட்டிலை மறதியாக மாடி வீட்டு அலமாரியிலேயே விட்டிருந்தேன். வேறொரு தோட்டத்து ஒயின் அது. செப்டம்பரில் எடுத்துப் பார்த்தபோது தக்கை கழுத்துக்கு மேல் அரை விரல்கடை எழும்பியிருந்தது, மேலுறையில் பிசுபிசுவென்று கசிவு. திறந்தால் வேகவைத்த உலர்திராட்சை வாசம், ரோஜா இருந்த சுவடே இல்லை. ஒரே ஒரு கோடை போதுமானதாக இருந்தது.

அதனால் வெப்ப நாட்டில் இருப்பவர்களுக்கு நேராகச் சொல்கிறேன். ஒயினுக்கென்றே உள்ள குளிர்பெட்டி இல்லாமல் பரோலோவை வருடக்கணக்கில் வைக்க முடியாது. அலமாரி, கட்டிலடி, இருட்டு அறை எதுவும் 30 டிகிரியிலிருந்து காப்பாற்றாது. சாதாரண பிரிட்ஜ் சில வாரத்துக்குச் சரி, பல வருடத்துக்கு ஆகாது. குளிரும் வறட்சியும் அதிகம், மோட்டார் அதிர்வும் உண்டு. குளிர்பெட்டிக்கு வழியில்லையென்றால் ஏற்கெனவே முதிர்ந்த பாட்டிலை, அதை ஒழுங்காக வைத்திருக்கும் கடையிலிருந்து, குடிக்கப்போகும் வாரத்தில் வாங்குவது நல்லது.

எப்போது திறப்பது

ஒரே ஒயினில் ஆறு பாட்டில் வாங்குங்கள். முடியாவிட்டால் மூன்று. ஒரு பாட்டிலை வைத்துக்கொண்டு சரியான வருடம் எது என்று ஊகிக்க யாராலும் முடியாது.

என் ஆறில் ஐந்து இப்படிப் போயின. முதலாவது 2014இல், சொன்னேன். இரண்டாவது 2017இல். அது இன்னும் மோசமாக இருந்தது. ரோஜாவும் போய்விட்டது, துவர்ப்பு மட்டும் அப்படியே நின்றது. ஒயின் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். நிலவறையில் என் அறைக்குப் பக்கத்து அறை வைத்திருந்த பெரியவர் ஒருவர் ஒரு வாய் குடித்துவிட்டு, 'தூங்குகிறது, எழுப்பாதே' என்றார். உண்மைதான். பல பரோலோக்களுக்குப் பாட்டிலில் அடைத்த சில வருடத்தில் இப்படி ஒரு மூடிய காலம் வரும். இளமையின் பழச்சுவை ஓய்ந்திருக்கும், முதிர்ந்த மணம் இன்னும் பிறந்திருக்காது. அந்தக் காலத்தில் அகப்பட்ட பாட்டிலை வைத்து மற்றவற்றைத் தீர்மானிக்காதீர்கள். மூன்றாவதை 2020இல் திறந்தோம், மெதுவாக வாய் திறக்கத் தொடங்கியிருந்தது. நான்காவது தக்கைக் கோளாறில் வீணானது, அதைக் கீழே சொல்கிறேன். ஐந்தாவது 2024 டிசம்பரில், 14 வயதில். அன்று இரவு ஈறு இறுகவே இல்லை. துவர்ப்பு இருந்தது, பட்டுத்துணியை நாக்கில் இழுத்ததுபோல.

பொதுவான கணக்கு வேண்டுமென்றால்: நல்ல ஆண்டின் பரோலோவுக்கு 10 முதல் 20 வருடம், செர்ரலுங்கா, மோன்ஃபோர்தே பக்கம் என்றால் அதற்கு மேலும். வெயில் ஆண்டுகளுக்கு 8 வருடத்திலிருந்தே தொடங்கலாம். பார்பரெஸ்கோவை இவற்றில் இரண்டு மூன்று வருடம் குறைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை லிட்டர் பெரிய பாட்டில் மெதுவாக முதிரும்.

ஒவ்வொரு பாட்டிலுக்கும் நோட்டில் நான்கு வரி எழுதி வையுங்கள்: தேதி, திறந்து எத்தனை மணிநேரம் கழித்துக் குடித்தீர்கள், துவர்ப்பு எப்படி, கடைசியில் என்ன மிஞ்சியது. அடுத்த பாட்டிலைத் திறக்கும்போது உங்கள் கையெழுத்தை விட நல்ல வழிகாட்டி கிடைக்காது.

திறப்பது

இளம் பாட்டிலுக்கு, அதாவது பத்து வயதுக்குள், காற்று நிறைய வேண்டும். அகன்ற கண்ணாடிக் குடுவையில் தாராளமாகச் சரித்து ஊற்றி, இரண்டு முதல் நான்கு மணிநேரம் விடுங்கள். கவனம் எதுவும் தேவையில்லை.

பழைய பாட்டில் அப்படியல்ல. 15, 20 வயதுப் பாட்டிலைக் குடிப்பதற்கு இரண்டு நாள் முன்பே படுக்கையிலிருந்து எடுத்து நேராக நிறுத்திவிடுங்கள். நெபியோலோவின் வண்டல் மாவு போல நைசானது, ஒரு அசைவில் ஒயின் முழுக்கக் கலந்து கலங்கிவிடும், கலந்தால் கசக்கும். அது அடியில் படிய நேரம் வேண்டும்.

திறக்கும் அன்று மேலுறையை முழுவதும் கழற்றிவிடுங்கள், பாட்டிலின் கழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும். பழைய தக்கை மக்கி இருக்கும். சாதாரணத் திருகி பாதியிலேயே அதை உடைத்துவிடலாம். இரண்டு மெல்லிய தகடு கொண்ட திறப்பான் கிடைக்கும், தகடுகளைத் தக்கைக்கும் கண்ணாடிக்கும் இடையில் ஆட்டி ஆட்டி இறக்கி, திருகிக்கொண்டே மேலே இழுக்க வேண்டும். அப்படியும் உடைந்து உள்ளே விழுந்தால் பதற வேண்டாம், மெல்லிய வடிகட்டி வைத்து ஊற்றலாம்.

மேசையில் ஒரு மெழுகுவத்தியை ஏற்றிவைத்து, பாட்டிலின் கழுத்து அதன் சுடருக்கு மேலே கொஞ்சம் தள்ளி வரும்படி பிடித்துக்கொண்டு குடுவையில் ஊற்றத் தொடங்குங்கள். போன் டார்ச்சும் போதும். தொடங்கினால் நிறுத்தக் கூடாது, பாட்டிலை இடையில் நிமிர்த்தக் கூடாது. ஒரே சீராக, நூல் போல. முதல் முக்கால் பாட்டில் கண்ணாடி போலத் தெளிவாக வரும், சுடர் அதன் வழியே செம்பு நிறத்தில் தெரியும். கடைசியில் கழுத்தின் தோளருகே புகை போல ஒரு கரிய இழை நகர்ந்து வரும். அந்த இழை கழுத்துக்குள் நுழையும் நொடியில் நிறுத்துங்கள். பாட்டிலில் இரண்டு விரல்கடை மிஞ்சும், அதை விட்டுவிடுங்கள்.

பழைய ஒயினைக் குடுவையில் நீண்ட நேரம் வைக்காதீர்கள். சில பாட்டில்கள் இருபது நிமிடத்தில் மலர்ந்து ஒரு மணிநேரத்தில் வாடிவிடும். ஊற்றிய உடனே ஒரு வாய் சுவையுங்கள், நன்றாக இருந்தால் அப்போதே உட்கார்ந்துவிடுங்கள். இறுக்கமாக இருந்தால் கிளாஸிலேயே நேரம் கொடுங்கள்.

கெட்ட பாட்டிலை அடையாளம் காண்பது

ஈரமான அட்டைப்பெட்டி, பூஞ்சை பிடித்த துணி போல வாசம் வந்து, பழமணமே இல்லையென்றால் அது தக்கைக் கோளாறு. தக்கையில் உண்டாகும் டி.சி.ஏ. என்ற சேர்மம், லிட்டரில் ஒரு கிராமின் நூறுகோடியில் சில பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். காற்றில் வைத்தால் இன்னும் கூடுமே தவிர போகாது. 2023இல் என் நான்காவது பாட்டில் இப்படித்தான் போனது. ஒன்பது வருடம் காத்த பாட்டில், விருந்தினர் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சமையலுக்குக்கூட ஆகவில்லை, கொட்டிவிட்டேன். குடிப்பவருக்கு எந்த ஆபத்தும் இல்லை, சுவைதான் போய்விடும். கடையில் புதிதாக வாங்கியதில் இப்படி இருந்தால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

நகப்பூச்சு நெடி லேசாக இருந்தால் பழைய பரோலோவில் மன்னிக்கலாம், மூக்கைத் துளைத்தால் முடியாது. அழுகிய முட்டை, தீக்குச்சி வாசம் வந்தால் பதறாதீர்கள், குடுவையில் ஊற்றி அரைமணி விட்டால் பெரும்பாலும் போய்விடும். வண்டல் குறையே அல்ல.

தட்டில் என்ன

கொழுப்பும் புரதமும். லாங்கேயில் மாட்டிறைச்சியைப் பரோலோவிலேயே மணிக்கணக்கில் வேகவைப்பார்கள், முட்டை மஞ்சள்கரு நிறையச் சேர்த்த 'தாயரீன்' என்ற மெல்லிய பாஸ்தாவுடன் குடிப்பார்கள், இலையுதிர் காலத்தில் அதன் மேல் ஆல்பாவின் வெள்ளை டிரஃபிள் என்ற மணமிக்க நிலத்தடிக் காளானைச் சீவிப் போடுவார்கள். நம் சமையலில் மிளகாய்க் காரம்தான் எதிரி, அது துவர்ப்பையும் ஆல்கஹாலின் எரிச்சலையும் தூக்கிக் காட்டும். மிளகு மட்டும் போட்டு நெய்யில் வதக்கிய கொழுப்புள்ள ஆட்டுக்கறி பொருந்துகிறது. சாம்பாரோடு முயலவே வேண்டாம்.

மற்ற இத்தாலியச் சிவப்புகள்

இதே முறையில் டஸ்கனியின் ப்ருனெல்லோ தி மோந்தால்சீனோவைச் சுவைக்கலாம். முழுக்க சாஞ்சோவேசே திராட்சை, அறுவடைக்குப் பின் ஐந்தாம் ஆண்டின் ஜனவரியில்தான் கடைக்கு வரும், 10 முதல் 20 வருடம் நிற்கும். புளிப்பு முன்னே நிற்கும், துவர்ப்பு பரோலோவை விடச் சற்றுக் குறைவு. கியாந்தி கிளாசிக்கோவில் குறைந்தது 80 சதவீதம் சாஞ்சோவேசே, சாதாரணப் பாட்டில் ஐந்தாறு வருடத்துக்குள் குடிக்க வேண்டியது. தெற்கே கம்பானியாவின் தௌராசி, அல்யானிகோ திராட்சையில் செய்வது, துவர்ப்பில் பரோலோவுக்கு ஈடு கொடுக்கும், விலை குறைவு. பொறுமையும் நிலவறையும் இருக்கிறவர்கள் அவசியம் வாங்க வேண்டியது அது. பியெமோந்தேயின் மற்ற சிவப்புகளான பார்பேராவையும் தோல்செத்தோவையும் வாங்கிய வருடத்திலேயே குடியுங்கள்.

குடித்து முடித்த பிறகு

மிஞ்சிய இளம் பரோலோ தக்கை போட்டு பிரிட்ஜில் மூன்று நாள் நிற்கும். பழையது மறுநாள் வரைகூடத் தாங்காது, அன்றே முடித்துவிடுங்கள். வண்டல் தங்கிய அந்த இரண்டு விரல்கடையை நான் மறுநாள் கறிக்குழம்பில் ஊற்றிவிடுவேன்.

கிளாஸை அன்றிரவே கழுவாதீர்கள். அடியில் ஒரு சொட்டு காய்ந்து ஒட்டியிருக்கட்டும். காலையில் காபி போடும் முன் அதை எடுத்து ஒரு தடவை முகர்ந்து பாருங்கள். ஆல்கஹால் எல்லாம் ஆவியாகிப் போயிருக்கும். 2024 டிசம்பரில் அந்த ஐந்தாவது பாட்டிலின் கிளாஸில் மறுநாள் காலை பன்னீர் ரோஜா இருந்தது, 2014இல் முதல் பாட்டிலில் வந்த அதே ரோஜா.